பம்பிங் 20 என்று வந்திருக்கிறதா? இதய மாற்று பற்றி வீட்டார் கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் உறுப்பு மாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு. யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, 'கோஆர்டினேட்டர் மேடம்' என்றுதான் தேடி வருவார்கள். டாக்டர் சொல்லும்போது தலையாட்டிக் கேட்டுவிட்டு, வெளியே வராந்தாவில் வந்து என்னிடம் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. எந்த மருந்து, எவ்வளவு என்பதில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

எக்கோவில் பம்பிங் 20 என்று வந்திருக்கிறது. உடனே இதயம் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. முதலில் அந்த எண் என்னவென்று பார்ப்போம். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங். நூற்றுக்கு நூறு யாருக்கும் கிடையாது. நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். இதைப் பரீட்சை மார்க் போல நினைத்து, 'அம்மாவுக்கு 60தான் வந்திருக்கிறது' என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

20 என்பது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. 20 உள்ள ஒருவர் மெதுவாக மாடி ஏறிவிடுவார், 30 உள்ள இன்னொருவரால் படுத்துத் தூங்க முடியாது. இப்போது இதயச் செயலிழப்புக்கு நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: சாக்குபிட்ரில் வால்சார்ட்டான் சேர்ந்த மாத்திரை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் வகை, அப்புறம் சர்க்கரைக்கென்று வந்து இதயத்துக்கும் நல்லதென்று தெரிந்த டாபாகிளிஃப்ளோசின் வகை. இவற்றைத் தாங்கும் அளவுக்கு ஏற்றி, மூன்று மாதமாவது கொடுத்துப் பார்த்து மறுபடி எக்கோ எடுப்பார்கள். சிலருக்கு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் விசேஷ பேஸ்மேக்கர் உதவும். பிரசவத்தை ஒட்டி இதயம் பலவீனமான பெண்களிலும், குடியால் கெட்டு அதை நிறுத்தியவர்களிலும் நிறையப் பேருக்கு மருந்திலேயே நன்றாகத் தேறிவிடுகிறது.

அப்படியானால் எந்த நிலையில் மாற்றுப் பிரிவுக்கு வர வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தாமதமாகத்தான் வருகிறார்கள். மூச்சு முட்டி ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அட்மிட் ஆகிறார். நீர் மாத்திரை 40லிருந்து 80, 80லிருந்து 120 என்று ஏறிக்கொண்டே போகிறது. பிபி 90க்குக் கீழே இறங்குவதால் இதய மாத்திரைகளைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறுகிறது. துடிப்பு தாறுமாறானால் சரிசெய்ய உடம்பில் வைத்த கருவி ஷாக் கொடுக்கிறது. சாப்பாடு இறங்காமல் தோள் எலும்பு தெரிகிறது, ஆனால் கால் மட்டும் வீங்கியிருக்கிறது. மூன்று தலையணை வைத்தும் தூக்கமில்லை. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் உங்கள் இதய மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்: 'மாற்றுப் பிரிவில் ஒருமுறை காட்டட்டுமா?' காட்டுவதால் மறுநாளே நெஞ்சைத் திறக்க மாட்டார்கள். பரிசோதித்துவிட்டு 'இன்னும் நேரமிருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று அனுப்பப்பட்டவர்கள் நிறைய. அவர்களைத்தான் அதிர்ஷ்டசாலிகள் என்பேன்.

மூச்சை அளந்துகொண்டே சைக்கிள் மிதிக்க வைக்கும் ஒரு சோதனை உண்டு. உச்ச உழைப்பில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 14 மில்லிக்குக் கீழே இருந்தால் (பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு 12) மாற்று பற்றித் தீவிரமாகப் பேச ஆரம்பிப்பார்கள்.

தாமதமானால் என்ன ஆகும்?

நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிவிடும். இடது பக்கம் தள்ளாத ரத்தம் பின்னால் தேங்கி, வருஷக்கணக்கில் நுரையீரலை அழுத்திக்கொண்டே இருக்கும். உங்கள் பழைய இதயத்தின் வலது பக்கம் அந்த எதிர்ப்பைத் தள்ளித் தள்ளிப் பழகியிருக்கும். தானமாக வரும் இதயத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மேசையிலேயே அது திணறிவிடும். அதனால்தான் கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு அந்த அழுத்தத்தை அளக்கிறோம். நுரையீரல் எதிர்ப்பு 5 வூட் யூனிட்டுக்கு மேல் போய், மருந்து கொடுத்தும் இறங்கவில்லை என்றால் இதயம் மட்டும் மாற்றுவது ஆபத்து. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்று வாய்வரை வரும். சொல்வதில்லை, சொல்லி என்ன பயன்?

வேறு யாருக்குச் செய்ய மாட்டார்கள்?

அடங்காத புற்றுநோய், உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும் தொற்று, மீள முடியாதபடி கெட்ட கல்லீரல் உள்ளவர்கள். சிறுநீரகமும் போயிருந்தால் சிலருக்கு இரண்டையும் சேர்த்து மாற்றுவதுண்டு. குடி, சிகரெட், வெற்றிலையோடு அடக்கும் புகையிலை எதையும் விடாதவருக்கும் இல்லை. வயதைப் பொறுத்தவரை, 65க்கு மேல் பதிவு செய்ய முடியாது என்றிருந்த தேசிய விதி 2023ல் நீக்கப்பட்டது. ஆனாலும் உடம்பு தாங்குமா என்பதை மருத்துவக் குழு பார்க்கும்.

இன்னொன்று, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதை நாங்கள் சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்பதில்லை.

இதயத்துக்கு வந்தவரைப் பல் டாக்டரிடம் ஏன் அனுப்புகிறீர்கள்?

எல்லோருக்கும் எரிச்சல் வரும் இடம் இது. மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்குவோம். அன்றைக்குக் கடைவாயில் ஒரு சொத்தை ஒளிந்திருந்தால் அங்கிருந்து கிருமி ரத்தத்துக்குப் போகும். அதே காரணத்துக்காகத்தான் காசநோய், மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. சோதனைகளும். நம் ஊரில் காசநோய்க் கிருமி பலர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது.

பெயர் பதிவது எப்படி? பணம் கொடுத்தால் முன்னால் வருமா?

நீங்களாகப் போய்ப் பதிய முடியாது. உரிமம் பெற்ற மருத்துவமனைதான் உங்களைப் பரிசோதித்து, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் (டிரான்ஸ்டான்) பதியும். யாருக்கு இதயம் போகிறது என்பதை ரத்த வகை, உடல் அளவு, நோயின் அவசரம், பதிந்த தேதி இவற்றை வைத்துத் தீர்மானிப்பார்கள். வெளிநாட்டவருக்குப் போவது, பொருத்தமான இந்தியர் யாரும் இல்லாதபோது மட்டும்தான். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 'எனக்கு ஆள் தெரியும்' என்று யாராவது சொன்னால் அவர் ஏமாற்றுகிறார்.

ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்ப்பதில்லை. ஓ வகைக்காரர்களுக்கு ஓ இதயம் மட்டுமே சேரும் என்பதால் அவர்கள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள். பெண்ணின் இதயம் ஆணுக்கு வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், அளவு சரியாக இருந்தால். 85 கிலோ ஆளுக்கு 45 கிலோ ஆளின் இதயம் போதாது, அவ்வளவுதான்.

காத்திருக்கும் நாட்களில் வீட்டில் என்ன செய்வது?

ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் அதை நிரப்பி வையுங்கள். டாக்டர் உங்களுக்குச் சொன்ன அளவு வேறாக இருந்தால் அந்த அளவில் கோடு போட்டு நிரப்புங்கள். நோயாளி காபி குடித்தால் அந்த டம்ளர் அளவுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கீழே ஊற்றுங்கள். ரசம், மோர், கஞ்சி, இளநீர் எதுவானாலும் அதே கணக்கு. பாட்டில் காலியானால் அன்றைய கோட்டா முடிந்தது. 'தண்ணியே குடிக்கலையே மேடம், எப்படி கால் வீங்குச்சு' என்றவர் வீட்டில் இதைச் செய்யச் சொன்னபோது, மத்தியானம் 2 மணிக்கே பாட்டில் காலி. மனுஷன் தண்ணீர் குடிக்கவில்லைதான், மோரைக் குடித்திருக்கிறார்.

தினம் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். இரண்டு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அன்றைக்கே போன் செய்யுங்கள். உப்பில் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் முதல் எதிரிகள். உப்புக்குப் பதில் 'லோ சோடியம்' உப்பு வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது, உங்கள் மாத்திரைகளோடு சேர்ந்தால் வம்பு.

இதயம் கிடைக்கும் வரை தாங்காது என்கிறார்கள். கருவி வைக்கலாமா?

இடது கீழறைக்குத் துணையாக நெஞ்சுக்குள் ஒரு சிறு பம்ப் வைப்பதுண்டு. வயிற்றுத் தோல் வழியாக ஒரு கம்பி வெளியே வந்து, இடுப்பில் மாட்டிய பேட்டரியில் சேரும். ராத்திரி மின்சாரத்தில் செருகித் தூங்க வேண்டும், அதனால் கரண்ட் போகும் ஊர் என்றால் மாற்று ஏற்பாடு அவசியம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு. கம்பி வெளியே வரும் இடத்தில் தொற்று வராமல் பார்ப்பது பெரிய வேலை. விலை மிக அதிகம் என்பதால் நம் ஊரில் வைத்துக்கொள்பவர்கள் குறைவு.

மூளைச்சாவு என்றால் உண்மையிலேயே இறந்துவிட்டாரா? இதயம்தான் துடிக்கிறதே?

தானமாக வரும் இதயம் மூளைச்சாவு அடைந்தவருடையது என்பதால், வரிசையில் இருக்கும் குடும்பங்கள் இதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இன்னொருவர் சாவுக்குக் காத்திருக்கிறோமோ என்ற குற்ற உணர்ச்சி. கோமா வேறு, மூளைச்சாவு வேறு. மூளைச்சாவில் மூளைத்தண்டு உட்பட எல்லாம் நின்றுவிட்டது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதால் இதயம் கொஞ்ச காலம் தன்னிச்சையாகத் துடிக்கிறது, அவ்வளவே. இதை ஒரு டாக்டர் மட்டும் சொல்லிவிட முடியாது. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். அதில் ஒரு சோதனையில் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற நெஞ்சு ஒருமுறையாவது எழுகிறதா என்று பார்ப்பார்கள். உயிருள்ள மூளைத்தண்டு அந்த நேரத்தில் மூச்சு இழுக்காமல் இருக்காது. மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்தவர்கள் இந்தச் சான்று கொடுக்கும் குழுவில் இருக்கவும் கூடாது.

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த இதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர்களான அவன் பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். அவன் இதயம் ஒரு சின்னப் பெண்ணுக்குப் போனது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்ற சொல் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். 2023லிருந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

'என் இதயத்தைப் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. முடியாதம்மா. சட்டமும் விடாது, நாங்களும் செய்ய மாட்டோம்.

கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வர வேண்டும்?

எடுத்த இதயம் பனிக்கட்டிப் பெட்டியில் நான்கு மணி நேரம்தான் நன்றாகத் தாங்கும். அதற்குள் எடுத்து, கொண்டுவந்து, தைத்து, ரத்தம் பாய்ச்ச வேண்டும். 2014 ஜூனில் சென்னை அரசு பொது மருத்துவமனையிலிருந்து அடையாறுக்கு 12 கிலோமீட்டரை 14 நிமிடத்துக்குள் கடந்தது ஒரு ஆம்புலன்ஸ். வழி நெடுகப் போலீஸ் சிக்னலை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைத்தான் பசுமை வழித்தடம் என்கிறோம். ஆனால் நோயாளிக்கு அப்படி யாரும் வழிவிட மாட்டார்கள். அதனால் தென் மாவட்டக்காரர்களை, பட்டியலில் மேலே வந்ததும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு எடுக்கச் சொல்கிறோம். போனை சைலன்ட்டில் போடாதீர்கள். கூப்பிட்ட நிமிடத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வந்து, சவரம் செய்து, கையெழுத்துப் போட்டு, தியேட்டர் வாசல் வரை போனபின் 'இதயம் சரியில்லை, திரும்பிப் போங்கள்' என்று சொல்ல நேரலாம். தானம் தரும் இடத்தில் எங்கள் டாக்டர் நெஞ்சைத் திறந்து கையால் தொட்டுப் பார்த்தபிறகுதான் கடைசி முடிவு. அவர் சரி என்று போனில் சொல்லாமல் இங்கே உங்கள் இதயத்தில் கை வைக்க மாட்டார்கள்.

மாற்றியாகிவிட்டது. மாத்திரை எத்தனை நாளைக்கு?

உயிரோடு இருக்கும் வரை. உங்கள் உடம்புக்கு அந்த இதயம் என்றைக்குமே அயலான்தான். டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்து அதைத் தாக்காமல் தடுத்துவைக்கின்றன. ஸ்டீராய்டை மட்டும் நாளடைவில் குறைப்பார்கள், சிலருக்கு நிறுத்துவார்கள்.

டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 9, ராத்திரி 9 என்று வைத்தால் கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் 9தான். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் மட்டும் காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்தபின் போடுங்கள். அடுத்த மாத்திரைக்கு முன்னால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கணக்கு. பழக்க தோஷத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டு வருவார்கள், அளவு எக்கச்சக்கமாகக் காட்டும். போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். மறைத்தால், டாக்டர் அந்தத் தவறான எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைப்பார், இரண்டு வாரம் கழித்து இதயத்தை உடம்பு நிராகரிக்கும்.

மறந்த வேளைக்குச் சேர்த்து இரட்டையாகப் போடாதீர்கள். மெடிக்கலில் 'அதே மருந்து, வேற கம்பெனி' என்று கொடுத்தால் வாங்காமல் எங்களைக் கேளுங்கள். பக்கத்துத் தெரு டாக்டர் இருமலுக்குத் தரும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் இரண்டும் டாக்ரோலிமஸை மேலே ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் தரைக்கு இறக்கிவிடும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப்போக்கில்கூட அளவு ஏறும். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதுவும் கேட்காமல் வேண்டாம். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை, இந்த மருந்தோடு அது எப்படிச் சேரும் என்று பார்த்து வைத்தவர்கள் யாருமில்லை.

கை லேசாக நடுங்கும், சர்க்கரை வரலாம், முகம் உப்பும். நடுக்கம் மெல்லக் குறையும்.

நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு மறுபடி மறுபடி பயாப்ஸி?

நிராகரிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, ஜுரம் அடிக்காது. கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய கிடுக்கியை இதயத்தின் வலது அறைக்கு அனுப்பி, எள்ளளவு சதை நான்கைந்து எடுப்பார்கள். அரை மணி நேர வேலை. முதல் மாதம் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

தூங்கும்போதே நாடி 100 ஓடுகிறது. ஏதாவது கோளாறா?

இல்லை. இதயத்தை எடுக்கும்போது அதன் நரம்புகளை வெட்டித்தான் ஆக வேண்டும், அவற்றைத் திரும்பத் தைக்க முடியாது. துடிப்பை அடக்கி வைக்கும் கடிவாளம் போனதால் அது தன் போக்கில் 90, 100 என்று ஓடும். மாடி ஏறினால் உடனே கூடாது, சில நிமிடம் கழித்துத்தான் கூடும். உட்கார்ந்தபின்பும் உடனே இறங்காது. அதனால் நடைப்பயிற்சியில் முதல் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடந்து சூடேற்றிக்கொள்ளுங்கள்.

நரம்பு இல்லாததால் இன்னொரு சிக்கல். மாற்று இதயத்தின் ரத்தக்குழாய்கள் வருஷம் போகப் போகச் சுருங்கலாம், ஆனால் பலருக்கு நெஞ்சு வலிக்காது. அதனால்தான் வலியே இல்லாதவரையும் குறித்த காலத்தில் ஆஞ்சியோவுக்குக் கூப்பிடுகிறோம்.

சாப்பாடு, கோயில், குழந்தைகள்?

சமைத்துச் சூடாக இருப்பது எதுவும் சரி. ரோட்டுக்கடைத் தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த பழம், வெளி ஜூஸ், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். பம்பளிமாஸ் பழம் கூடவே கூடாது, மருந்தளவை ஏற்றிவிடும். கோயிலுக்குப் போகலாம், முகக்கவசத்தோடு, கூட்டமில்லாத நாளில். தீர்த்தம் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், குடிக்காதீர்கள். விபூதியும் நெற்றியோடு நிற்கட்டும். புறா எச்சம் கிடக்கும் மொட்டை மாடி, இடிக்கும் கட்டடத்தின் தூசி இரண்டையும் தவிர்க்கவும். பேரக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டால் சில வாரம் அதன் மலத்துணியை வேறு யாராவது மாற்றட்டும். கல்யாணம் செய்துகொள்ளலாம். கர்ப்பத்தைப் பற்றி யோசிக்கும் பெண்கள் ஒரு வருஷமாவது காத்திருந்து, எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். மைகோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும்.

கொடுத்தவருடைய குணம் இவருக்கு வந்துவிடுமா?

வராது. ஆனால் ஸ்டீராய்டு கோபத்தைக் கொடுக்கும், பசியைத் தூண்டும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். சாதுவாக இருந்த அப்பா தட்டைத் தள்ளிவிட்டால் அது மாத்திரையின் வேலை. கொடுத்த குடும்பம் யாரென்று நாங்கள் சொல்ல மாட்டோம். செய்தித்தாளைப் பார்த்துத் தேதியை ஒட்டிக் கண்டுபிடிக்க முயல்கிறார்கள், வேண்டாமே. அவர்கள் வீட்டில் இன்னும் காரியம்கூட முடிந்திருக்காது.

செலவு?

தனியாரில் அறுவைக்கு 20 லட்சத்துக்கு மேல் பேசுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய மாற்றுக்கும் உதவி உண்டு, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். பலரும் கேட்க மறப்பது அதற்குப் பிந்தைய மாதச் செலவை. மருந்து, ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி, பயணம் எல்லாம் சேர்த்து முதல் வருஷம் மாதம் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். நிலத்தை விற்று அறுவை செய்துவிட்டு ஆறாவது மாதம் மாத்திரை வாங்கப் பணமில்லாமல் போன குடும்பம் எனக்குத் தெரியும். நானும் அந்தக் கணக்கை முதல் நாளே எழுதிக் காட்டியிருக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் ஒரு தாளில் எழுதித்தான் தருகிறேன்.

எத்தனை வருஷம் இருப்பார்?

உலகளாவிய பதிவேட்டைப் பார்த்தால் முதல் வருஷத்தைக் கடப்பவர்கள் நூற்றுக்கு 85க்கு மேல். பாதிப் பேர் 12 வருஷத்துக்கு மேலும் இருக்கிறார்கள். 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலில் மாற்றியபோது அந்த நோயாளி 18 நாள் இருந்தார், நிமோனியாவில் போனார். உங்கள் வீட்டுக்காரர் எத்தனை வருஷம் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ராத்திரி 2 மணி. காய்ச்சல் 101. காலை வரை பார்க்கலாமா?

கூடாது. 100.4ஐத் தாண்டினாலே போன் செய்யுங்கள். டோலோ போட்டுக் காத்திருக்காதீர்கள், காய்ச்சல் இறங்கும், உள்ளே இருப்பது இறங்காது. மூச்சிரைத்தாலும், கால் வீங்கினாலும், பிபி திடீரென்று இறங்கினாலும் அதேதான். தூரத்து ஊரில் இருந்தால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். கேஸ் தாளைத் தேடுவதற்கு முன், உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக 'இவர் இதய மாற்று செய்தவர்' என்று சொல்லுங்கள். மாத்திரை டப்பாவை மறக்காமல் கொண்டு போங்கள். டாக்டரிடம் என் நம்பரைக் கொடுங்கள், நான் எடுப்பேன்.